முயல் பெட்டியைக் கழுவியவர்

எங்கள் வீட்டுக்கு வந்தால் அவர் உடனே உட்கார மாட்டார். தோளில் கிடக்கும் துண்டை எடுத்து நாற்காலியைத் தட்டுவார். தட்டிய துண்டை மோந்து பார்ப்பார். வாசலுக்குப் போய் அதை உதறிவிட்டு வந்து, நாற்காலியின் விளிம்பில் பாதி உட்கார்ந்தும் உட்காராமலும் ஒண்டிக்கொள்வார். அந்த நாற்காலியை நான் அன்று காலைதான் துடைத்திருப்பேன். துடைத்ததை அவரும் அடுத்த வீட்டிலிருந்து பார்த்திருப்பார். ஆனாலும் தட்டுவார். என் வீட்டுக்காரருக்குப் பெரியப்பா முறை. இரண்டு வீட்டுக்கும் கொல்லைப்புறம் ஒன்றுதான். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன், வாய்க்குள்ளேயே.

பெயரைச் சொல்லப் போவதில்லை. சண்டைக்கு வர அவர் இன்று இல்லை, ஆனால் பிள்ளைகள் இருக்கிறார்கள். எங்கோ ஒரு நகராட்சியில் சுகாதாரப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, உத்திரமேரூர் பக்கம் இருக்கும் எங்கள் ஊருக்குத் திரும்பி வந்தவர். அங்கே விட்டுவிட்டு வந்திருக்க வேண்டிய அதிகாரத்தையும் கையோடு கொண்டுவந்துவிட்டார். காலையில் ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டில் ப்ளீச்சிங் பவுடரை எடுத்துக்கொண்டு தெருவின் இரண்டு பக்கமும் கோடு போட்டுக்கொண்டு போவார். யார் வீட்டு வாசலில் சாணி கிடக்கிறதோ அங்கே நின்று இருமுவார். வீட்டுக்காரி வெளியே வரும்வரை இருமுவார். தெருவில் அவருக்குப் 'பினாயிலு' என்று பேர். அது அவருக்குத் தெரியும். மரியாதைப் பட்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தார், பாவம்.

"கண்ணுக்குத் தெரியற அழுக்கு ஒண்ணும் பண்ணாதும்மா. தெரியாத அழுக்கு கீது பாரு, அதான் ஆளை அடிக்கும்" என்பார். ஒரு நாளைக்கு மூன்று தடவையாவது சொல்வார். சொல்லும்போது எதிரில் நிற்பவரின் நகத்தைப் பார்ப்பார்.

அவருக்குக் கண்ணுக்குத் தெரிந்த அழுக்கே எது என்று கடைசிவரை தெரியவில்லை. அதுதான் விஷயம்.

கல்யாணமாகி வந்தபோது நான் ஓர் இரும்புத் தோசைக்கல் கொண்டுவந்தேன். எண்ணெய் குடித்துக் குடித்துக் கறுப்பாகி, மாவை ஊற்றினால் தானாக எழும்பி வரும் கல். ஒரு நாள் அதைக் கொல்லையில் வைத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போயிருந்தேன். திரும்பி வந்தால் மாமா செங்கல் தூளும் கம்பி நாருமாகக் குந்தி உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருக்கிறார். முதுகெல்லாம் வேர்வை.

"எத்தினி வருசத்து அழுக்கும்மா இது. பாரு, மொகம் தெரியுது பாரு" என்று கல்லை என் முகத்துக்கு நேராக நீட்டினார்.

தெரிந்தது. என் முகமும் தெரிந்தது, அதில் இருந்த எரிச்சலும் தெரிந்தது. அவருக்குத்தான் தெரியவில்லை. அதற்கப்புறம் மூன்று வாரம் எங்கள் வீட்டில் யாரும் முழுத் தோசை தின்னவில்லை. சுரண்டிச் சுரண்டிக் கரண்டிதான் தேய்ந்தது. ஒரு நாள் காலை நாஷ்டா நேரத்தில் எட்டிப் பார்த்தவர், தட்டில் கிடந்த பிய்ந்த துண்டுகளைப் பார்த்துவிட்டு, "மாவு சரியா புளிக்கலம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு காரியத்தைக் கெடுத்தால் அந்தப் பழியை யார் தலையிலாவது வைத்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்.

ஏரிக்கரை அரசமரத்தடியில் ஒரு நாகக்கல் உண்டு. மஞ்சளும் எண்ணெயும் குங்குமமும் ஏறி ஏறி, உள்ளே கல் இருக்கிறதா என்றே சந்தேகம் வரும். அதைக் கம்பி பிரஷும் சோப்புத் தூளும் போட்டுத் தேய்த்தார். பாம்பின் படத்தில் ஒரு பக்கம் பெயர்ந்து கையோடு வந்துவிட்டது. "கல்லு ஊறிப்பூட்டுது, நான் இன்னா பண்றது" என்றார். ஊர் திரண்டு போய்க் கேட்கும் என்று நினைத்தேன். ஒருத்தரும் கேட்கவில்லை. ஏனென்றால் ஏரித் தண்ணீர் வற்றினால் எங்கள் பக்கத்து நிலம் பாதிக்கு அவருடைய போர்வெல் தண்ணீர்தான். எங்கள் ஒரு காணி நிலமும் அதில் அடக்கம். நவரைப் பட்டத்தில் நெல் நட்டுவிட்டு, மோட்டார் சாவி அவர் இடுப்பில் இருக்கும்போது, நாகக்கல்லுக்காக யார் வாயைத் திறப்பார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அவர் வீட்டில் கூலி வேலைக்கு வருபவர்களுக்குப் பேப்பர் கப்பில்தான் டீ. "டம்ளரு பலபேர் வாய் வெக்கிறது. பேப்பர் கப்புன்னா சுகாதாரம்" என்பார். நாங்கள் போனால் எவர்சில்வர் டம்ளர் வரும். எங்கள் வாயில் கிருமி இல்லையா மாமா என்று கேட்க நாக்கு நுனி வரைக்கும் வந்திருக்கிறது. அதையும் கேட்கவில்லை.

இனி முயல்.

பக்கத்தில் கால்நடைப் பயிற்சி ஒன்று நடந்தது. தெருவிலிருந்து நாலு பேர் போனோம். மற்ற மூன்று பேரும் மதியச் சாப்பாட்டோடு திரும்பிவிட்டார்கள், நான் மட்டும் இரண்டு பெட்டையும் ஒரு கடாவும் வாங்கி வந்தேன். எல்லாம் வெள்ளை. என் வீட்டுக்காரர் கூண்டைச் சுற்றிச் சுற்றி வந்து, "இது பூனையா எலியா, ஒரு முடிவுக்கு வரச் சொல்லு" என்று சிரித்தார். மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால், புங்கமரத்து நிழலில் கூண்டு வைத்தோம்.

எங்கள் மாட்டுக்குப் புல் அறுத்துப் போட ஏரிக்கரைக் குடிசைகளிலிருந்து கன்னியம்மா தினமும் வருவாள். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவள். முதல் நாள் கூண்டைப் பார்த்துவிட்டுப் புல்லுக்கட்டை இறக்காமலே நின்றாள்.

"காட்டு முயலுன்னா கண்ணுல பட்டதும் ஓடிப்பூடும். இது இன்னாக்கா, குந்திகினு நம்மளையே பாக்குது."

"வளக்கிற முயலு. ஓடாது" என்றேன்.

நாலு நாள் கழித்து, புல்லைக் கொட்டிவிட்டுத் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "குட்டி போட்டா எனுக்கு ரெண்டு குடுக்கா. நெனைவு தெரிஞ்சதுலேர்ந்து மத்தவங்க ஆடு, மத்தவங்க மாடுதான் பாத்துக்கினு கீறேன். எனுதுன்னு ஒரு உசுரு இல்ல."

முதல் ஈற்றிலேயே தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். மறு வாரமே அவள் மூங்கில் பத்தையும் பழைய வலையும் வைத்துக் குடிசைப் பக்கத்தில் ஒரு கூண்டு கட்டிவிட்டாளாம். வெறும் கூண்டு. அதற்குள் பெருக்கி வேறு வைத்திருந்தாள் என்று அவள் புருஷன் கேலி செய்தான்.

தை மாதம் ஒரு பெட்டை குட்டி போட்டது. அதற்கு முந்தின நாள் அது தன் வயிற்று முடியைத் தானே வாயால் பிடுங்க ஆரம்பித்ததும் நான் பயந்துபோய்ப் பயிற்சி கொடுத்தவருக்குப் போன் போட்டேன். அவர் சிரித்தார். அது நோய் இல்லையம்மா, குட்டிகளுக்கு மெத்தை போடுகிறது என்றார். பழைய ஆப்பிள் பெட்டி ஒன்றில் வைக்கோல் போட்டு வைத்திருந்தோம். விடிந்து பார்த்தால் வைக்கோல் மேல் ஒரு குவியல் வெள்ளை முடி. அது மெல்ல அசைந்தது. விலக்கினால் ஏழு குட்டி. உடம்பில் ஒரு மயிர் இல்லை, கண் திறக்கவில்லை, என் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடந்தன.

முயலுக்கு ஒரு வழக்கம் உண்டு. மற்ற பிராணிகள் மாதிரி அது குட்டிகள் மேல் படுத்துக்கொண்டே இருக்காது. விடியற்காலையில் பெட்டிக்குள் குதித்து ஓர் ஐந்து நிமிஷம் பால் கொடுக்கும். அவ்வளவுதான் ஒரு நாளைக்கு. மீதி நேரமெல்லாம் குட்டிகளுக்குத் தாய் அந்த முடிதான். முடி இருந்தால் சூடு உண்டு, சூடு இருந்தால் உயிர் உண்டு. நாம் செய்ய வேண்டியது காலையில் ஒரு தடவை வைக்கோலில் கையைத் தேய்த்துக்கொண்டு, குட்டிகளின் வயிற்றைப் பார்ப்பது. பால் குடித்த வயிறு உருண்டு தோல் பளபளவென்று இருக்கும். குடிக்காதது சுருங்கிக் கிடக்கும். இதை நான் கன்னியம்மாவுக்கு ஒரு தடவைதான் சொன்னேன். இரண்டாம் நாளே அவள் கை என் கையைவிடச் சுத்தமாக வேலை செய்தது. முடியை விலக்குவதும் குட்டிகளுக்குத் தெரியாது, மூடுவதும் தெரியாது.

"ஏயு குட்டியும் குடிச்சி கீதுக்கா. இதுல எது எனுதுன்னு இப்பவே சொல்லிடாத. ஒண்ணு மேல மட்டும் ஆசை வந்துடும்" என்றாள்.

மாமா பார்த்துக்கொண்டேயிருந்தார். இரண்டு நாளும் பகலில் நாலு தடவை வந்து பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"இன்னா தாயிம்மா இது. குட்டிங்க கிட்டயே போவ மாட்டேங்குது."

"அது அப்டித்தான் மாமா. காலைல பால் குடுத்துடும்."

"பொட்டி பூரா முடி. மூத்திர நாத்தம் வேற. அவ வேற உள்ள கை வுடறா. கை வாசம் பட்டா தாய் சேக்காது, தெரியுமா உனுக்கு?"

"வைக்கோல்ல கை தேச்சிக்கினா ஒண்ணும் ஆவாது மாமா. பயிற்சியில சொன்னாங்க."

"நான் சர்வீஸ்ல பாக்காத பயிற்சியா" என்றார்.

மூன்றாம் நாள் தாமலில் என் நாத்தனார் வீட்டுக் கல்யாணம். விடியும்முன் கிளம்பினோம். கன்னியம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். அவள் வந்து, வயிறு பார்த்து, முடியை மூடிவிட்டுக் களையெடுக்கப் போயிருக்கிறாள். அவள் தலை மறைந்ததும் இவர் பக்கெட்டோடு வந்திருக்கிறார்.

அடப் பாவி மனுஷா, நீ செய்ததை ஒவ்வொன்றாகச் சொல்லவே எனக்கு வாய் கூசுகிறது. பெட்டியிலிருந்த முடி முழுவதையும் அள்ளிக் குப்பையோடு போட்டுக் கொளுத்தினார். வைக்கோலையும் கொளுத்தினார். பெட்டியைப் பினாயில் ஊற்றிக் கழுவி வெயிலில் காய வைத்தார். மயிர் முளைக்காத அந்த ஏழு உயிரையும் ஒவ்வொன்றாக எடுத்து, பினாயில் கலந்த தண்ணீரில் பஞ்சை நனைத்துத் துடைத்தார். வெளுத்த வேட்டித் துணியை நாலாக மடித்துப் பெட்டியில் விரித்து, அதன்மேல் வரிசையாகப் படுக்க வைத்தார். ஒன்றை ஒன்று ஒட்டாமல், இடைவெளி விட்டு. ஈரம் காய வேண்டுமே என்று தன் வீட்டு டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து எதிரில் வைத்து ஓடவிட்டார்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவர்தான் சொன்னார். மறைக்கவில்லை. சாயங்காலம் நாங்கள் பஸ் இறங்கி வந்தபோது கொல்லையில் தெருவே நின்றது. ஒரு செய்தித்தாளில் ஐந்து குட்டி வரிசையாக விறைத்துக் கிடந்தன. மீதி இரண்டு பெட்டியில், உயிர் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல். வேலிக்கு வெளியே கன்னியம்மா நின்றாள். உள்ளே வரக் கூடாது என்று அவர் சொல்லியிருந்தார்.

"வந்தியாம்மா. பாரு இந்த அநியாயத்த" என்று ஆரம்பித்தார். "நான் வந்து பாக்கறதுக்குள்ள இவ தொட்டுக் கொயப்பி வச்சிட்டா. பொட்டி பூரா அசிங்கம். அவ்ளோத்தையும் அள்ளிப் போட்டு, பொட்டியை அலம்பி, குட்டிங்களைத் தொடச்சி, காத்து வச்சி, இன்னா பாடு பட்டுகீறேன் தெரியுமா. நான் கிளவுஸ் போட்டுக்கினுதான் தொட்டேன். ஆனா இவ கை வாசம் போவல. தாய் ஒதுக்கிடுச்சி."

அவர் வாயாலேயே அத்தனையும் வந்தது. கேட்டுக்கொண்டு நின்றவர்களும் மாடு வைத்திருப்பவர்கள், கோழி வைத்திருப்பவர்கள், ஆட்டுக்குட்டியைப் பனிக்காலத்தில் சாக்குப் போட்டு மூடுபவர்கள். ஆனாலும் எல்லாரும் வேலிப் பக்கம்தான் திரும்பிப் பார்த்தார்கள். "அதான, கை வாசம் ஆவாது" என்றாள் ஒருத்தி. "யாரு கையின்னு ஒண்ணு கீதுல்ல" என்றாள் இன்னொருத்தி.

கன்னியம்மா அவர்கள் யாரையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

எனக்குத் தெரியும். அங்கே நின்ற எல்லாரையும்விட எனக்கு நன்றாகத் தெரியும். பினாயில் வாசம் மூக்கைத் துளைத்தது, ஃபேன் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. முடியை எடுத்தது நீங்கள், குளிரில் சாகடித்தது நீங்கள் என்று ஒரு வரி சொன்னால் போதும். என் வீட்டுக்காரர் பின்னாலிருந்து என் முழங்கையைத் தொட்டார். நடவு நட்டு எட்டு நாள். ஏரி மதகு அடைத்தாயிற்று, இனி மாமாவின் மோட்டார் தண்ணீர்தான்.

"சரி வுடுங்க மாமா. நடந்தது நடந்துபோச்சி" என்றேன்.

அந்த ஒரு 'வுடுங்க'வில் தீர்ப்பு ஆகிவிட்டது. தெரு கலைந்தது.

எல்லாரும் போன பிறகு கன்னியம்மா வேலியைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். "ஏய், எங்க வர" என்றார் இவர். அவள் காதில் வாங்கவில்லை. இரண்டு குட்டியையும் எடுத்து ரவிக்கைக்குள் விட்டுக்கொண்டு கொட்டகைச் சுவரோரம் உட்கார்ந்தாள். ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். ஒன்று அசைந்ததும், "அந்தத் தாயைப் புடிச்சிக் குடுக்கா" என்றாள். தாயை மடியில் மல்லாத்தி, வயிற்றில் தளர்ந்திருந்த முடியை நோகாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கிப் பெட்டிக்கென்று வைத்துக்கொண்டாள். அப்புறம் அதைத் திருப்பாமலே குட்டிகளை அதன் மடிக்காம்பில் வைத்தாள். தாய் உதறவில்லை, கடிக்கவில்லை. அது பாட்டுக்கு மூக்கை ஆட்டிக்கொண்டு கிடந்தது. இரண்டும் உறிஞ்சின.

அவள் கை வாசம் படிந்த குட்டிகள்தான். அதே கைதான் தாயையும் பிடித்திருந்தது. மாமா இதைக் கண்ணால் பார்த்தார். ஏதாவது புரியும் என்று நினைத்தேன். இடுப்பில் கை வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தார்.

"நான் பினாயில் போட்டுத் தொடச்சதுல அந்த வாசம் பூட்ச்சி. அதான் சேத்துக்கிச்சி" என்றார்.

அதற்கப்புறம் இந்தக் கதையை அவர் ஊர் முழுக்க அப்படித்தான் சொன்னார். அவள் ஏழு குட்டியையும் கெடுத்தாள், இவர் இரண்டைக் காப்பாற்றினார். விருந்தாளிகள் வந்தால் கொல்லைக்குக் கூட்டி வந்து கூண்டைக் காட்டி, துண்டால் அதன் கம்பியைத் தட்டிவிட்டுச் சொல்வார். சில வருஷம் கழித்து மகன் வீட்டு அபார்ட்மெண்டுக்குப் போய், அங்கேயே செத்தும் போனார். சாவதற்குமுன் அங்கே போனவர்களிடமும் முயல் கதை சொன்னாராம். ஒரு மனுஷன் முட்டாளாக இருக்கலாம், தப்பில்லை. தன் முட்டாள்தனத்தில் இவ்வளவு சௌகரியமாகக் கால் நீட்டிப் படுத்தவரை நான் வேறு பார்த்ததில்லை.

அந்தக் கல்யாணத்துக்கு மறுநாள் எங்கள் வயலுக்குத் தண்ணீர் விட்டார். வழக்கத்தைவிட அரை மணி நேரம் கூடவே விட்டார்.

கன்னியம்மா அன்றிலிருந்து எங்களுக்குப் புல் அறுக்க வரவில்லை. குட்டிகளுக்காக மட்டும் விடியும்போது வருவாள். வைக்கோலில் கையைத் தேய்ப்பாள், வயிறு பார்ப்பாள், முடியை மூடுவாள், போவாள். நான் டீ நீட்டினால், "குடிச்சிட்டேன்கா" என்பாள். குட்டிகளுக்குக் கண் திறந்தது, பெட்டியை விட்டு வெளியே வந்தன, அகத்திக்கீரை கடிக்கப் பழகின. ஒரு மாதம் தாண்டியதும் கூடையோடு வந்தாள். இரண்டும் பெட்டை.

"அடுத்த ஈத்துல ஒரு கடாவும் எடுத்துக்கோ" என்றேன்.

"வேணாம்கா. வேற எங்கனா பாத்துக்கறேன். சொன்னது ரெண்டுதான."

கூடைக்குள் துணி விரித்து இரண்டையும் விட்டு, மேலே வலையைக் கட்டினாள். அவளை அப்படியே அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"அன்னிக்கு அவரு சொன்னத மனசுல வச்சிக்காத கன்னியம்மா. அவருக்கு இன்னா தெரியும்."

கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். கோபம் எல்லாம் இல்லை, களைப்பாகத்தான் சொன்னாள்.

"அவரு சொன்னத நான் எங்கக்கா கேட்டேன். நீ இன்னா சொல்லப் போறன்னுதான் பாத்துகினு நின்னேன்."